கத்தரிச் செடியில் நாளுக்கொரு பிரச்சினையா? மருந்து வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மாடித்தோட்டம் போடலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் வைப்பது நாலு செடிகள்தான்: தக்காளி, மிளகாய், வெண்டை, கத்தரி. தக்காளியும் மிளகாயும் எப்படியோ கொஞ்சம் காய்த்துவிடும். வெண்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கத்தரிதான் ஆளைச் சோதிக்கும். முதல் மாதம் செழிப்பாக நிற்கும். இரண்டாவது மாதம் இலையில் ஓட்டை, நுனியில் வாட்டம், பூ உதிர்வு என்று ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும்.

அப்போது யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும்: "கத்தரின்னா மருந்து அடிச்சாதான் காய்க்கும்." வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு மருந்தைச் சொல்வார், இன்னொருவர் வேறொன்றைச் சொல்வார். கடைசியில் வீட்டில் கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரேவையே செடியிலும் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. கடையில் மருந்தடித்த காய் வாங்க வேண்டாம் என்றுதானே செடி வைத்தோம்? அதே மருந்தை நாமே அளவு தெரியாமல் அடித்தால் என்ன லாபம்?

உண்மையில் வீட்டுக் கத்தரியில் வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றுக்கு மருந்தே தேவையில்லை. எது என்ன பிரச்சினை என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம். செடி வாடுவதற்கு மட்டும் குறைந்தது நாலு காரணங்கள் இருக்கின்றன. நாலுக்கும் தீர்வு வேறு வேறு.

கத்தரிக்கு மட்டும் ஏன் இவ்வளவு மருந்து?

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு புழு. தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்பது அதன் பெயர். வெள்ளை நிறத்தில் பழுப்புத் திட்டுகளோடு இருக்கும் ஒரு சின்ன அந்துப்பூச்சி, ராத்திரி நேரத்தில் இலையிலும் இளம் தண்டிலும் முட்டையிடுகிறது. பொரிந்து வரும் புழு சில மணி நேரத்தில் தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிடும். நுழைந்த வழியைத் தன் கழிவாலேயே அடைத்தும்விடும். அதன் பிறகு மேலே எதை அடித்தாலும் உள்ளே இருக்கும் புழுவுக்குப் போய்ச் சேராது.

அதனால்தான் புழு நுழைவதற்குள் கொன்றுவிட வேண்டும் என்று விவசாயிகள் அடிக்கடி மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. ஓட்டை விழுந்த காயைச் சந்தையில் யாரும் வாங்குவதில்லை என்பது அவர்களின் நெருக்கடி. இந்த ஒரு புழுவுக்காகவே மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரி உருவாக்கப்பட்டது. 2009 அக்டோபரில் இந்தியாவின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. நாடு முழுக்க எதிர்ப்பு எழவே, 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். பக்கத்து நாடான வங்கதேசம் 2013-ல் அனுமதி கொடுத்து, 2014 முதல் பயிரிட்டு வருகிறது.

ஆயிரக்கணக்கான செடிகள் உள்ள வயலில் ஒவ்வொரு நுனியையும் கையால் தொட்டுப் பார்க்க ஆள் கிடைக்காது. நாலு செடி உள்ள மாடியில் அது காபி குடித்துக்கொண்டே செய்யும் வேலை. வீட்டுத் தோட்டக்காரருக்கு இருக்கும் பெரிய வசதி இதுதான்.

இன்னொரு விஷயம். காயில் தெரியும் பெரிய ஓட்டை, புழு உள்ளே போன வழி அல்ல. வளர்ந்த பிறகு வெளியே வந்த வழி. உள்ளே போன ஓட்டை ஊசி முனையளவுதான் இருக்கும், காய் வளர வளர அது மூடிக்கொள்ளும். அதனால் ஓட்டையே இல்லாத பளபளப்பான காய்க்குள் புழு இருக்கலாம். அதேபோல, ஓட்டை இருப்பதாலேயே அது மருந்தடிக்காத காய் என்றும் சொல்லிவிட முடியாது.

ஆரம்பத்திலேயே சரி செய்ய வேண்டியவை

கத்தரியின் பாதிப் பிரச்சினை இடத்திலும் பையிலும்தான் தொடங்குகிறது.

வெயில்: தினமும் குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். மூன்று மணி நேரம் மட்டும் வெயில் வரும் பால்கனியில் செடி வளரும், காய்ப்பது சந்தேகம். அப்படிப்பட்ட இடத்தில் கீரையோ புதினாவோ வைப்பது நல்லது.

பருவம்: ஆடிப் பட்டமும், மார்கழி-தை மாதங்களும் விதைக்க ஏற்றவை. ஏப்ரல், மே மாத உச்ச வெயிலில் முதல் பூ வருகிற மாதிரி விதைத்தால் பூ கொட்டிக்கொண்டே இருக்கும். ஆடியில் விதைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பையில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பை: 12 அங்குல அகலம், 12 அங்குல ஆழம் என்பது குறைந்தபட்சம். 15 அங்குலம் என்றால் இன்னும் நல்லது. ஒரு பையில் ஒரே ஒரு செடி. இடம் இருக்கிறதே என்று இரண்டு வைத்தால் இரண்டும் காய்க்காது. பைகளைச் செங்கல் மீதோ ஸ்டாண்டிலோ வைத்தால் தண்ணீர் வடியும், தளமும் ஈரம் கட்டாது.

மண்: செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. இதோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிவிட்டுச் சேர்க்க வேண்டும்.

ரகம்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களே நிறைய உண்டு. முட்டை வடிவில் ஊதா நிறக் காய் வேண்டும் என்றால் பாலூரிலிருந்து வந்த பி.எல்.ஆர். 1, வெள்ளைக் கத்தரி வேண்டும் என்றால் கிள்ளிகுளத்தின் கே.கே.எம். 1, வறட்சி தாங்க வேண்டும் என்றால் பெரியகுளத்தின் பி.கே.எம். 1. எண்ணெய்க் கத்தரிக்காய் பிரியர்கள் வேலூர் முள்ளுக் கத்தரியை வைக்கலாம். அதற்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

விதைத்து 30 நாட்கள் ஆனதும், நாலைந்து இலைகளோடு இருக்கும் நாற்றைச் சாயங்கால நேரத்தில் பையில் நட வேண்டும். நட்டு ஏறத்தாழ 2 மாதத்தில் முதல் அறுவடை.

இனி புகார்களுக்கு வருவோம்.

"நாத்து நல்லா முளைச்சுச்சு, திடீர்னு சாஞ்சிடுச்சு"

காலையில் நேராக நின்ற நாற்று மாலையில் தரையில் படுத்திருக்கும். தண்டின் அடிப்பகுதி நூல் மாதிரி மெலிந்து கறுத்திருக்கும். இது நாற்றழுகல். மண்ணில் உள்ள பூஞ்சணம்தான் காரணம். அதற்கு வழிவிடுவது அதிகத் தண்ணீர்.

விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. மற்றவற்றைக் காப்பாற்றலாம். நாற்றுத் தட்டை வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்துக்கு மாற்றி, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தெளிப்பானால் தண்ணீர் கொடுத்தால் போதும். அடுத்த முறை விதைக்கும்போது டிரைக்கோடெர்மா விரிடி அல்லது சூடோமோனாஸ் தூளை விதையோடு கலந்து விதைக்கலாம். இரண்டும் வேதிப்பொருட்கள் அல்ல. நோய்க் கிருமிகளை அடக்கும் நுண்ணுயிரிகள். உரக்கடைகளில் பாக்கெட்டாகக் கிடைக்கும்.

"செடி நல்லாத்தான் இருக்கு, நுனி மட்டும் தலை தொங்குது"

இதுதான் கத்தரியின் முதல் அபாய மணி. செடி முழுவதும் பச்சையாக இருக்கும்போது ஒரே ஒரு கிளையின் நுனி மட்டும் துவண்டு தொங்கினால், அந்தத் தண்டுக்குள் துளைப்பான் புழு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் ஊற்றினாலும் அது நிமிராது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வாடிய இடத்திலிருந்து இரண்டு அங்குலம் கீழே வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் தண்டு உள்ளே ஓட்டையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே வெட்டுங்கள். வெட்டியதை அங்கேயே போடாமலும், உரத் தொட்டியில் சேர்க்காமலும், சோப்புத் தண்ணீரில் அமுக்கி வைத்துவிட்டு, பிறகு பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து புதிய கிளைகள் வரும். செடிக்கு நஷ்டம் இல்லை.

இதை ஏன் தள்ளிப்போடக் கூடாது? தண்டுக்குள் இருக்கும் புழு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்து வெளியே வந்து, செடியின் அடியில் கிடக்கும் காய்ந்த இலைகளில் கூட்டுப்புழுவாகிவிடும். அங்கிருந்து அந்துப்பூச்சியாகி மறுபடி முட்டையிடும். அதற்குள் செடி காய்க்கத் தொடங்கியிருந்தால், அடுத்த தலைமுறைப் புழு காய்க்குள் போகும். இன்று ஒரு நுனியை வெட்டினால், அடுத்த மாதக் காய்களில் சில தப்பிக்கும்.

தடுப்பதற்கு இன்னொரு வழி வலை. அந்துப்பூச்சி ராத்திரியில்தான் வரும். பூவைத் தேடி வண்டுகள் வருவது பகலில். அதனால் இருட்டுவதற்கு முன்பு மெல்லிய நைலான் கொசுவலையால் செடியை மூடி, காலையில் எடுத்துவிட்டால் போதும். வலையின் அடிப்பகுதியைப் பையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ஏற்கெனவே புழு வந்த செடி என்றால், முதலில் அடியில் கிடக்கும் சருகையெல்லாம் அள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி வலைக்குள்ளேயே பிறக்கும்.

"செடி மொத்தமா வாடுது"

இங்கேதான் அவசரப்படாமல் யோசிக்க வேண்டும்.

மதியம் மட்டும் வாடி, சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிட்டால் அது நோயே அல்ல. வெயிலில் வேர் எடுப்பதை விட இலை அதிகம் இழக்கிறது, அவ்வளவுதான். மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி மூடாக்குப் போட்டால் சரியாகும்.

காலையிலும் வாடி இருக்கிறது, மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டால் காய்ந்திருக்கிறது என்றால், தண்ணீர் போதவில்லை.

மண் சொதசொதவென்று ஈரமாக இருந்தும் வாடியிருந்தால் அது வேரழுகல். பையின் அடியில் உள்ள துளைகள் அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். மண் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

ஈரம் சரியாக இருக்கிறது, இலை பச்சையாகவே இருக்கிறது, ஆனாலும் இரண்டு மூன்று நாளில் செடி முழுக்கத் துவண்டுவிட்டது என்றால் பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போன்ற வெள்ளை இழை கீழிறங்கினால் அந்த நோய்தான். இதற்கு மருந்து இல்லை. செடியை வேரோடு எடுத்துவிட்டு, அந்த மண்ணில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் வைக்காமல் கீரை, வெண்டை, அவரை என்று மாற்ற வேண்டும். மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் நோயும் பொதுதான்.

பிடுங்கிய செடியின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு. அந்தப் பையில் அடுத்து செண்டுமல்லி வைக்கலாம். அதன் வேர் நூற்புழுவை அடக்கும். வாடல், நூற்புழு இரண்டையும் ஓரளவு தாங்க, சுண்டைக்காய்ச் செடியின் மேல் கத்தரியை ஒட்டுக்கட்டிய நாற்றுகள் இருக்கின்றன. நர்சரியில் கேட்டுப் பார்க்கலாம்.

"பூ பூக்குது, ஆனா காய் பிடிக்கல"

மாடித்தோட்டக்காரர்கள் அதிகம் வருத்தப்படுவது இதற்காகத்தான். ஆனால் கத்தரியில் எல்லாப் பூவும் காயாகாது என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் மஞ்சளாகக் குவிந்து நிற்பவை மகரந்தப் பைகள். அவற்றின் நடுவிலிருந்து பச்சையாக ஒரு காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் அது சூலகத் தண்டு. அது மஞ்சள் பைகளைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் பூக்கள்தான் நன்றாகக் காய்க்கும். அந்தக் காம்பு குட்டையாகி உள்ளேயே மறைந்திருக்கும் பூக்கள் உதிரத்தான் செய்யும். ஒரே செடியில் இரண்டு வகையும் வரும். சத்துக் குறைந்தாலோ, செடியில் ஏற்கெனவே நிறையக் காய்கள் இருந்தாலோ குட்டைக் காம்புப் பூக்கள் அதிகமாகும். உதிரும் பூக்களில் இந்த வகை அதிகம் என்றால் செடிக்குத் தேவை மருந்து அல்ல, ஒன்று, முற்றிய காய்களைப் பறிப்பது, இரண்டு, உரம்.

நீண்ட காம்புள்ள பூக்களும் உதிர்ந்தால் பிரச்சினை வேறு. கத்தரிப் பூவின் மகரந்தப் பை நுனியில் மிளகாய்த்தூள் டப்பா மாதிரி சின்னத் துளை இருக்கும். குலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கத் தெரிந்த கருவண்டு, நீலப் பட்டை தேனீ போன்றவை இந்த வேலையைச் செய்கின்றன. சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. ஐந்தாவது மாடிக்குக் கருவண்டு வராமல் போகலாம். காற்று கொஞ்சம் உதவும். மீதியை நீங்கள் செய்யலாம். காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், பூ விரிந்திருக்கும் கிளையை விரலால் நாலைந்து முறை லேசாகச் சுண்டுங்கள். பேட்டரியில் ஓடும் பல் துலக்கியின் பின்புறத்தைப் பூக்காம்பில் ஒரு நொடி வைத்தாலும் அதே வேலை நடக்கும்.

வெயில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் என்ன செய்தாலும் கொஞ்சம் பூ உதிரும். மதிய வெயிலுக்கு மட்டும் நிழல்வலை கட்டலாம். இலை மட்டும் அடர்த்தியாக, கரும்பச்சையாக வளர்ந்து பூவே வரவில்லை என்றால் தழைச்சத்து அதிகம். ஒரு மாதத்துக்கு உரத்தை நிறுத்துங்கள்.

"இலை சல்லடை மாதிரி ஆயிடுச்சு"

இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்று, நரம்பை வலை மாதிரி விட்டு வைத்திருந்தால் அது புள்ளி வண்டு. செம்பழுப்பு முதுகில் 28 கறுப்புப் புள்ளிகள் வரை இருக்கும். இலையின் அடியில் மஞ்சள் நிற முட்டைகள் கொத்தாக நிற்கும். முள் முள்ளாக மஞ்சள் புழுக்களும் இருக்கும். முட்டை இருக்கும் இலையைக் கிள்ளி எடுங்கள். வண்டையும் புழுவையும் காலை நேரத்தில் தட்டி சோப்புத் தண்ணீரில் விழ வையுங்கள். ஒரு வாரம் செய்தால் அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் எளிது: நல்ல வண்டின் முதுகு மெழுகு தேய்த்த மாதிரி பளபளக்கும், இலை தின்னும் வண்டின் முதுகு மங்கலாக, சன்னமான ரோமத்தோடு இருக்கும்.

"வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கு"

மாவுப்பூச்சி. கூடவே எறும்பு வரிசையாக ஏறும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைப் பாதுகாக்கின்றன. அதனால் எறும்பைத் தடுப்பது பாதி வேலை. பையை வைக்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கலாம். பூச்சியைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, வேகமான தண்ணீரால் கழுவ வேண்டும். மோசமாகப் பிடித்த கிளையை வெட்டிவிடலாம்.

இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு பழுப்பாகக் காய்ந்தால் தத்துப்பூச்சி. செடியை அசைத்தால் வெள்ளையாகப் பறந்தால் வெள்ளை ஈ. இலையில் பொடிப்பொடியாக மஞ்சள் புள்ளி விழுந்து அடியில் நூலாம்படை தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். இவை எல்லாமே இலையின் அடியில் இருந்து சாறு உறிஞ்சுபவை. வாரம் இரண்டு முறை இலையின் அடிப்புறத்தைத் தண்ணீரால் பீய்ச்சி அடித்தாலே பெரிதும் குறையும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ ஒட்டிக்கொள்ளும்.

எல்லாப் பூச்சியையும் ஒரேயடியாகக் கொல்லும் மருந்து ஏன் வேண்டாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2008-ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி புதிதாகத் தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, கத்தரி எதையும் விடவில்லை. மருந்தடித்து மாளவில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியை வரவழைத்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டே அதைக் கட்டுப்படுத்தியது. அப்படிப்பட்ட குளவிகளும் பொறிவண்டுகளும் உங்கள் மாடிக்கும் வந்து போகின்றன. கண்ட மருந்தை அடித்தால் முதலில் சாவது அவைதான்.

"இலை மஞ்சளாகுது"

எந்த இலை என்று பார்க்க வேண்டும். அடியில் உள்ள முதிர்ந்த இலை முழுக்க மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றலாம். அடியிலை ஒன்றிரண்டு மட்டும் மஞ்சளானால் அது வயது; கிள்ளிப் போட்டுவிடலாம்.

நுனியில் உள்ள புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து போய்ச் சேரவில்லை. போர் தண்ணீர் ஊற்றும் நகர வீடுகளில் இது சகஜம். தண்ணீரில் உள்ள உப்பும் காரமும் மண்ணில் சேர்ந்துவிடுவதால், இரும்பு மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. பையின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். மழைநீரைப் பிடித்து, அடித்துளை வழியாக வடியும் அளவு ஊற்றி மண்ணை அலச வேண்டும். அரிசி கழுவிய நீர், காய்கறி கழுவிய நீரையும் உப்பு சேராத வரை பயன்படுத்தலாம்.

"இலை குட்டி குட்டியா கொத்தா வருது"

இலைகள் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிறுத்து, செடி துடைப்பம் மாதிரி புதராகி, பூக்காமல் நின்றால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி மூலம் செடிக்குச் செடி பரவும். இதற்குச் சிகிச்சை கிடையாது. வளர்த்த செடியைப் பிடுங்க மனசு வராதுதான். ஆனால் அதை விட்டு வைத்தால் பக்கத்துச் செடிகளும் போய்விடும். அன்றே பிடுங்கிவிடுவது நல்லது. இது மண்ணால் பரவும் நோய் அல்ல என்பதால் பையை மறுபடி பயன்படுத்தலாம்.

"காய் கசக்குது, விதை கடிபடுது"

"கத்தரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகணும்" என்பார்கள். வீட்டுத் தோட்டத்தில் முற்றும்வரை காத்திருப்பதுதான் தவறு. இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும் என்று விட்ட காயில் விதை கடினமாகும், கசப்பு ஏறும்.

தோல் பளபளப்பாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். மங்கத் தொடங்கினால் தாமதம் என்று அர்த்தம். கட்டைவிரலால் லேசாக அமுக்கினால் குழி விழுந்து மறுபடி நிமிர வேண்டும். குழி அப்படியே நின்றால் முற்றிவிட்டது. காயைப் பிடித்து இழுக்காமல் காம்போடு கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பறிக்கப் பறிக்கத்தான் அடுத்த பூ வரும். விதைக்கு மட்டும் ஒரு காயை மஞ்சளாகும்வரை விடலாம். அதுவும் நாட்டு ரகமாக இருந்தால்தான். கலப்பின ரகத்தின் விதை தாய்ச்செடி மாதிரி வராது.

தெளிக்கத்தான் வேண்டும் என்றால்

கையால் எடுத்தும், தண்ணீர் அடித்தும் சாறு உறிஞ்சும் பூச்சிகள் குறையவில்லை என்றால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கரைய சில துளி சோப்புக் கரைசல். முதலில் ஒன்றிரண்டு இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு, பிறகு செடி முழுக்க அடிக்கலாம். வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்புறம் நனையும்படி அடிக்க வேண்டும். மதிய வெயிலில் அடித்தால் இலை கருகும். தண்டுக்குள் போய்விட்ட துளைப்பானை வேப்பெண்ணெயும் ஒன்றும் செய்யாது, அதற்குக் கத்தரிக்கோல்தான்.

கொசு, கரப்பான்பூச்சிக்கான ஸ்பிரேக்கள் சாப்பிடும் செடிக்கு உரியவையே அல்ல. பயிர் மருந்துகளிலும், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற கணக்கு உண்டு. அது டப்பாவில் அச்சாகியிருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய் பறிக்கும் வீட்டுச் செடியில் அந்தக் கணக்கைக் கடைப்பிடிப்பது நடக்காத காரியம்.

வாரத்துக்கு 10 நிமிடம்

வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சாத்தியமா? தண்ணீர் ஊற்றுவது தவிர, ஞாயிற்றுக்கிழமை 10 நிமிடம் போதும். தொங்கும் நுனி இருக்கிறதா? வெட்டுங்கள். நாலைந்து இலையைத் திருப்பிப் பாருங்கள்; முட்டை இருந்தால் கிள்ளுங்கள். அடியில் விழுந்த சருகையும் சொத்தைக் காயையும் அள்ளுங்கள். பளபளப்பான காயைப் பறியுங்கள். 15 நாளைக்கு ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு மண்ணைக் கிளறிவிடுங்கள்.

ஐந்தாறு மாதம் காய்த்து ஓய்ந்த செடியைத் தூக்கிப் போட வேண்டாம். நோய் இல்லாத செடி என்றால் தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டி, உரம் வைத்தால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும்.

இத்தனைக்குப் பிறகும் பத்தில் இரண்டு காய் சொத்தையாகத்தான் வரும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் குழம்பில் போடலாம். விவசாயிக்கு அந்த இரண்டு காய் நஷ்டம். அதைத் தவிர்க்கத்தான் அவர் மருந்து தேடிப் போகிறார். வீட்டில் அந்த இரண்டை விட்டுக்கொடுக்க முடியும். மீதி எட்டும் மருந்தில்லாமல் கிடைப்பது அதனால்தான்.